ஹேவர்லியின் வீட்டுக்குள் காடு

சக்கரத்துக்கும் அச்சு இயந்திரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம், இங்கிலாந்தின் ஹேவர்லி நகரமன்றம் வகுத்த 'வீட்டுக்குள் காடு' திட்டமே. காடு என்றால் ஊருக்கு வெளியே சேறும் சகதியுமாக, யாருக்கும் அடங்காமல் கிடக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கையை அது ஒரே தீர்மானத்தில் ஒழித்துக்கட்டியது. இனி வீட்டுக்கு ஓர் ஓக் மரம். கொட்டையிலிருந்து. ஜன்னலோரத்தில்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த டோரீன் டாப்செல் முதல் வாரமே சேர்ந்துவிட்டாள். தெருமுனையில் பஸ் நிறுத்தத்துக்குக் கூரையாக நின்ற கிழட்டு ஓக்கின் அடியில் கொட்டை பொறுக்கினாள். வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்ததை வீசினாள். மூழ்கியதை ஈர மரத்தூளில் பொதிந்து குளிர்காலம் முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாள். கணவன் லென் அதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான்.

"என்னடி ஊறுகாய் இது? பல்லே ஆடுது!"

"ஊறுகாய் இல்ல, காடு. கீழ வை."

"காட்டைக் கொண்டுவந்து வெண்ணெய் பக்கத்துலயா வைப்பாங்க?"

வசந்தத்தில் வேர்விட்ட ஒன்றைத் தொட்டியில் நட்டாள். அணில் தோண்டாமலிருக்கச் சல்லடையைக் கவிழ்த்தாள். முதல் இலை விரிந்த அன்று லென்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தான். அடுத்த வருஷம் செடி ஒரு சாண் உயரம்.

இதைத் தரையில் எங்கே நடுவது என்று நகரமன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்டாள்.

"நடுறதா?" என்று அதிர்ந்தது மறுமுனை. "அம்மா, அது திட்டத்துலயே இல்லையே!"

பிறகு ஒருநாள், செடியோடு நகரமன்றக் கூடத்துக்கு வரும்படி எல்லோருக்கும் அழைப்பு வந்தது. ஊரே மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கவுன்சிலர் ராட்னி ஸ்ட்ரட் தம் மேசைமேலும் ஒரு தொட்டி வைத்திருந்தார். மற்ற எல்லாச் செடிகளையும்விட அது செழிப்பாக இருந்தது.

"நண்பர்களே! இன்னிக்கு நம்ம ஊர்ல தொள்ளாயிரம் ஓக் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத மாபெரும் காடு! ஆகவே தெருமுனையில நிக்கிறது 'உபரி மரம்'. அத எடுத்துட்டு, பல்பொருள் அங்காடிக்குக் கார் நிறுத்த இடம் தர்றோம். நிபுணர் பார்த்துட்டார். மரம் 'உயிரற்றது'."

டோரீன் தன் தொட்டியைக் குனிந்து பார்த்தாள். அந்த மரத்தின் மேல் விழப்போகும் ரம்பத்துக்கு, மடியிலிருக்கும் தன் செடிதான் கைப்பிடி.

"உயிரில்லாத மரமா இந்தக் கொட்டையெல்லாம் போட்டுச்சு?" என்று எழுந்தாள்.

"நிபுணர் அறிக்கை, மேடம். அதோட, செத்த மரமானாலும், ஈடா உயிருள்ள செடி இருந்தாத்தான் வெட்டலாம்னு விதி. நாங்க விதிய மீறமாட்டோம். அதான் தொள்ளாயிரம் வெச்சிருக்கோம்."

"அப்படியா? என்னோடது செத்துப்போச்சு. எழுதிக்குங்க."

"செத்துப்போச்சா? அதோ, பச்சையா இருக்கே!"

"அறிக்கை தர்றேன். நான்தான் நிபுணர்."

லென் கைதூக்கினான். "நான் சாட்சி. பாவம், நல்ல செடி."

பின்வரிசைத் தபால்காரர் எழுந்தார். "என்னோடதும் போயிருச்சுங்க." பக்கத்து வீட்டுக்காரி தன் செடியின் இலையைத் தடவிக்கொண்டே, "நேத்துதான் அடக்கம் பண்ணினோம்" என்றாள். அதன்பின் கூடம் முழுக்கச் சாவுச் செய்திதான். பச்சைப்பசேலென்ற தொட்டிகளை அணைத்தபடி ஊரே துக்கம் விசாரித்துக்கொண்டது.

கவுன்சிலரின் முகம் சிவந்தது. "உயிரோட இருக்கறதச் செத்ததுன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"நீங்க மரத்துக்கே சொன்னீங்க. நாங்க செடிக்குத்தானே சொல்றோம்" என்றாள் டோரீன்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வென்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்; லென்னின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நகரமன்றத்தின் நேர்மையை அவள் குறைத்து எடைபோட்டுவிட்டாள். எழுத்தர் எல்லா மரணங்களையும் ஒன்றுவிடாமல் பதிந்துகொண்டு, கவுன்சிலரின் காதில் ஏதோ சொன்னார். கவுன்சிலரின் முகம் மலர்ந்தது.

"ஒரு மரத்துக்கு ஒரு செடி போதுமாம். என்னோடது உயிரோட இருக்கு. தீர்மானம் நிறைவேறியது!"

கூட்டம் கலைந்தபோது டோரீன் மேசையருகே போனாள். அந்தச் செழிப்பான இலையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரலில் தூசி ஒட்டியது. இலை நெளிந்து, கிறீச்சிட்டு, பழைய நிலைக்குத் திரும்பியது.

"இதுக்குத் தண்ணி ஊத்துவீங்களா, ராட்னி?"

"தேவையே இல்ல" என்றார் கவுன்சிலர், அடக்கத்தோடு. "மாசம் ஒருவாட்டி துடைப்பேன்."

அடுத்த வாரம் மரம் விழுந்தது. டோரீன் மழையில் நனைந்தபடி பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஆவணப்படி இன்று ஹேவர்லியில் உயிரோடிருக்கும் ஒரே ஓக் கவுன்சிலருடையது. அதற்கு இலையுதிர்காலமும் கிடையாது.