பூஜ்ஜியத்தைக் கண்டு பூரிப்பவர்கள்

ஆய்வு மாணவர்களில் ஓர் இனம் உண்டு. தேடிய கட்டுரை கிடைக்காவிட்டால் மற்றவர்களுக்கு முகம் வாடும். இந்த இனத்துக்கு முகம் மலரும். இவர்களைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்கிறீர்களா? கண்ணாடியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் தேடல் பெட்டியில் நாலு சொல்லைப் போடுவது எங்களுக்கு மரியாதைக் குறைவு. 'மனிதர்கள் உதவி கேட்க ஏன் கூச்சப்படுகிறார்கள்?' என்று கேள்விக்குறியோடு முழு வாக்கியத்தையும் போட்டு, பக்கத்து வீட்டு அத்தையிடம் விசாரித்ததுபோலப் பதிலுக்குக் காத்திருப்போம். லட்சக்கணக்கில் வந்து கொட்டும். மிரண்டுபோய் வடிகட்டத் தொடங்குவோம்: இந்த ஆண்டு வந்தவை மட்டும், முழுக் கட்டுரையும் இலவசமாக, கல்லூரிப் பெண்களைப் பற்றி மட்டும், தலைப்பிலேயே 'கூச்சம்' இருந்தாக வேண்டும். சலித்துச் சலித்துக் கடைசியில் சல்லடைதான் மிஞ்சும். திரையில் பூஜ்ஜியம். விவரமுள்ளவர்கள் வேறு சொல் போட்டுப் பார்ப்பார்கள். நாங்களா? 'இதுவரை எவரும் தொடாத துறை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவோம்.

அந்த வரியோடுதான் ஆய்வுத் தலைப்புகளை ஏற்கும் குழுவின் முன் போய் உட்கார்ந்தேன். அன்று தலைப்பு தேறாவிட்டால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து, அதுவரை வீட்டில் "இன்னும் என்னதான் படிக்கிற?" என்ற கேள்வியோடுதான் காலம் தள்ள வேண்டும்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "யாருமே எழுதலையாம்மா?"

"ஒருத்தர்கூட இல்ல மேடம். நல்லாத் தேடிட்டேன்."

"அப்ப நான் இருபது வருஷமா எதைப் பத்தி எழுதிக்கிட்டிருக்கேன்?"

அவர் தம் மடிக்கணினியில் 'உதவி நாடல்' என்று இரண்டே சொல்லைத் தட்டினார். பக்கம் பக்கமாக வந்தது. முதல் கட்டுரையே அவருடையது. இரண்டு மொழிகளில் படித்தவள் நான். இரண்டிலும் அந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லை.

தலைப்பு தேறவில்லை. இன்னும் ஆறு மாதம். வெளியே காத்திருந்த, ஆய்வறையில் என் பக்கத்து மேசைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்? எப்படித் தேடுறதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"உன் ஆய்வுக்கு முதல் ஆள் நீதான்டி. போ, உன்னையே பேட்டி எடு."

சிரிக்கிறீர்கள். 'இந்தக் குணமெல்லாம் எனக்குக் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை' என்கிறீர்கள். நம்புகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எத்தனை வடிகட்டி போட்டுத் தேடினீர்கள்?