ட்ரம்முக்குள் சாமை

ராஜாக்கண்ணு குச்சியை ஓங்கி அடித்தான். 'தொப்' என்றது ட்ரம்.

"இன்னாடா அது? ஈரத்துணி தொவைக்கிற மாதிரி கீது!" என்றாள் ஜெயம்மாள்.

"பனிதான்க்கா. தோல் தொய்ஞ்சுபோச்சு. கொஞ்சம் சூடு காட்டுனா கணீர்னு பேசும்."

"தாலி கட்டுனதும் பாட்டு ஆரம்பிக்கணும். அதுக்குள்ள பேசுமா?"

எழுபத்தெட்டாம் வருடம், தை மாதம். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் கல்யாணம். ஒடுகத்தூரிலிருந்து ஜீப்பில் ஏறி வந்திருந்த மெல்லிசைக் குழுவில் மொத்தம் மூன்றே பேர். ஜெயம்மாள்தான் பாடகி, ஆர்மோனியம், முதலாளி எல்லாம். மைக் செட்டுக்குப் பழனி. ட்ரம்முக்கு ராஜாக்கண்ணு. பகலெல்லாம் தையல் கடையில் மெஷின் மிதிக்கிற அவன் கால், கல்யாண நாட்களில் பெரிய ட்ரம்மை மிதிக்கும்.

பெரிய ட்ரம் ஒன்று, சின்ன ட்ரம் ஒன்று, ஒரு வெண்கலத் தட்டு. இவ்வளவுதான் அவன் செட். இதை மேடையேற்ற அவன் ஜெயம்மாளிடம் கெஞ்சாத நாளில்லை. கடைசியில் அவளும் டோலக்குக்காரரை ஒரு தடவை நிறுத்திவிட்டு இவனைக் கூட்டி வந்திருந்தாள். வெண்கலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப் குலுங்கக் குலுங்க வழியெல்லாம் அவன் தன் செட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு மட்டும் சத்தம் சரியில்ல, திரும்ப டோலக்குதான். சொல்லிட்டேன்" என்றாள் ஜெயம்மாள்.

ராஜாக்கண்ணு சின்ன ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு சமையல் பந்தலுக்கு ஓடினான். பெண்ணின் அம்மா செந்தாமரை சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம் அடுப்புல காட்டிக்கிறேங்க."

"அதுல இன்னா வேவுது?" என்று எட்டிப் பார்த்தாள் அவள்.

தோல் காய்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே காய்ந்தது. அங்கேயே நின்று ஒரு அடி அடித்துப் பார்த்தான். 'டமார்!' செந்தாமரையின் கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது. கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கொல்லைப் பக்கமிருந்து நாலு பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"யாருங்க துப்பாக்கி வெடிச்சது? காட்டுப்பன்னி வுழுந்துச்சா? எங்க பங்கு எங்க?"

சின்ன ட்ரம் இப்படி வெடிக்க, அதன் பக்கத்தில் பெரிய ட்ரம் இருமுவது போலக் கேட்டது.

"பெருசுக்கு ஒரு மைக் வெச்சுடு, சமமாப் பூடும்" என்றான் ராஜாக்கண்ணு. பழனியிடம் இருந்தது இரண்டே மைக். ஜெயம்மாளுக்கு ஒன்று போக மிச்சமிருந்ததைப் பெரிய ட்ரம்மின் வாயருகே கட்டினான். பேட்டரியை இணைத்தான். பலாமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

தாலி கட்டியாயிற்று. ஜெயம்மாள் சாமி பாட்டை எடுத்தாள். ராஜாக்கண்ணு மிதித்தான். 'பூம்ம்ம்ம்' என்று எழுந்த சத்தம் அடங்குவதற்குள் அடுத்த 'பூம்ம்ம்ம்' வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. ஜெயம்மாளின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"பாட்டு எப்படிங்க கீது?" என்று முன்வரிசையைக் கேட்டாள் அவள்.

"பாடுனீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா கோபால்சாமி மரியாதையாக.

"உள்ள எதனாச்சும் திணிச்சா சத்தம் கட்டுப்படும்" என்றான் ராஜாக்கண்ணு. "ஒரு கம்பளி குடுங்களேன்."

"கம்பளியெல்லாம் சம்பந்தி வூட்டாருக்கு விரிச்சாச்சுங்க. அரை மூட்டை சாமை கீது. தரட்டா?"

முன்பக்கத் தோலைக் கழற்றி, சாமை மூட்டையை உள்ளே வைத்து மிதித்துப் பார்த்தான். 'தும்.' கச்சிதமான, உருண்டையான சத்தம். ராஜாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனை பாடு! ஜெயம்மாள்கூடத் தலையாட்டினாள்.

முதல் சரணம் வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது சரணத்தில், மிதித்த மிதியில் மூட்டையின் தையல் விட்டது. ஒவ்வொரு 'தும்'முக்கும் ஒரு கைப்பிடி சாமை மேடையில் கொட்டியது. ஊர்க்கோழிகளுக்கு யார் சொன்னார்களோ, கூட்டமாக மேடையேறிவிட்டன.

காலால் மிதிக்கும்போதே கையால் "சூ, சூ" என்று விரட்டியதில் ராஜாக்கண்ணுவின் தாளம் ஓட்டமெடுத்தது. ஜெயம்மாள் அதைத் துரத்திக்கொண்டு பாடினாள். ஒரு சேவல் நேராக ட்ரம்முக்குள் புகுந்து, மைக்கின் முன்னால் நின்று, தன் பெண்டாட்டிகளை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டது. 'கொக் கொக் கொக்கோ' என்று மலை முழுக்க ஒலிபரப்பாயிற்று.

"யாருடா எனக்கு மேல ராகம் இழுக்கறது?" என்றாள் ஜெயம்மாள்.

சேவலையும் மூட்டையையும் வெளியே எடுத்தார்கள். மைக்கைத் தள்ளி வைக்கலாம் என்று பழனி அதைப் பலாமரத்துப் பக்கம் நகர்த்தினான். ஸ்பீக்கரின் சத்தமே மைக்குக்குள் நுழைந்து, 'கூஊஊ' என்று கிளம்பிய ஊளையில் மாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஸ்பீக்கரைத் திருப்புடா!" என்று கத்தினாள் ஜெயம்மாள்.

பழனி மரமேறி, குழாயைப் பள்ளத்துக்கு அந்தப்புறம் இருந்த எதிர்மலையைப் பார்க்கத் திருப்பினான். ஊளை நின்றது. ஜெயம்மாள் விட்ட இடத்திலிருந்து ஒரு வரி பாடினாள். ராஜாக்கண்ணு பயந்து பயந்து மெதுவாக வாசித்தான்.

'தும் தும் டக்.'

சற்றுப் பொறுத்து எதிர்மலையிலிருந்து, 'தும் தும் டக்.'

ராஜாக்கண்ணு நிறுத்தினான். மலையும் நிறுத்தியது. வேறு மாதிரி அடித்தான். மலையும் அப்படியே அடித்தது.

"எதிரொலி" என்று மரத்தின் மேலிருந்தே தீர்ப்பு சொன்னான் பழனி.

"அப்ப நான் பாடுனது ஏன் திரும்பி வர்ல?" என்றாள் ஜெயம்மாள், முகம் வாடி.

"தோல் சத்தம் பாறையில மோதித் திரும்பிடும்க்கா. பாட்டு அப்படியில்ல, மரத்துலயே ஊறிப்பூடும்."

இதைக் கேட்டு ஜெயம்மாளுக்குக் கொஞ்சம் சமாதானமாயிற்று.

ராஜாக்கண்ணுவுக்கோ புது யோசனை வந்தது. மலை அடிக்க இடம் விட்டு வாசித்தால் என்ன? இவன் ஒரு அடி அடித்து நிறுத்துவான். மலை பதில் சொல்லும். அது முடிகிற இடத்தில் வெண்கலத் தட்டைத் தொடுவான். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் போனதால் பந்தலுக்குள் ட்ரம்மின் சொந்தச் சத்தம் மட்டும் இதமாகக் கேட்டது. வெயில் ஏறியதில் பெரிய ட்ரம்மின் தோலும் பதமாகியிருந்தது. மூன்றே மூன்று துண்டு செட், முப்பது பேர் வாசிப்பது போல இருந்தது.

முதலில் கோபால்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு சம்பந்தி. பிறகு பன்றிக்கறிக்கு வந்தவர்கள். செந்தாமரை கரண்டியோடு வந்தாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் நடுவில் இழுத்துவிட்டார்கள். ராஜாக்கண்ணு வேகம் கூட்டினான், மலையும் கூட்டியது. இவன் ஒரு உருட்டு உருட்டினான். மலை இன்னும் நீளமாக உருட்டியது. ஜெயம்மாள் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு ஆட வந்துவிட்டாள்.

"அக்கா, பாட்டு?"

"பாட்டு கெடக்குது! நீ அடி!"

வெயில் உச்சிக்கு வந்து, ஆடியவர்கள் எல்லாம் ஆங்காங்கே உட்கார்ந்த பிறகுதான் அவன் குச்சியைக் கீழே வைத்தான். அப்போதும் மலை மட்டும் ஒரு உருட்டு கூடுதலாக உருட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பந்தியில் ஜெயம்மாள் தன் இலையிலிருந்த வடையை எடுத்து ராஜாக்கண்ணுவின் இலையில் வைத்தாள்.

"டோலக்கு வேணாம்டா. இனிமே எல்லாக் கல்யாணத்துக்கும் நீதான். பழனி, எங்க போனாலும் குழாயை மலை பாத்துக் கட்டிடு."

ராஜாக்கண்ணு சோற்றை மறந்துவிட்டான். இலையின் ஓரத்தில் விரல்கள் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அப்போது பள்ளத்திலிருந்து ஏறி வந்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள் ஒருத்தி. எதிர்மலையில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு. கையில் காலிச் சொம்பு.

"செந்தாமர, கொஞ்சம் வெளக்கெண்ணெ இருந்தா ஊத்துக்கா."

"அத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சாப்புட ஒக்காரு" என்றாள் செந்தாமரை. "இவருதான் ட்ரம் அடிச்சவரு."

ராஜாக்கண்ணு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "எதிரொலி உங்க பக்கம் எப்படிங்க இருந்துச்சு?"

அம்மாக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதிரொலியா? நீங்க போட்டிக்குக் கூப்புடறீங்கன்னு வுடாம மேளம் அடிச்சு, எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கையும் வீங்கிக் கெடக்குதுங்க!"