நோ நீட், சார்!

ஆங்கிலத்தில் எனக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு: நீட். (இந்தக் காலத்துப் பரீட்சையைச் சொல்லவில்லை; அது வேறு வயிற்றெரிச்சல்.) எழுபது வயதைத் தாண்டியும், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லை பிரித்தபோது திருத்தணி மதராஸ் பக்கம் போனது. எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றது. பள்ளியிலிருந்த ஒரே தமிழ் வாத்தியாரும் மாற்றல் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். வேறு தமிழ் வாத்தியார் வேண்டும் என்று, தறி நெய்கிறவர்களை எல்லாம் கூட்டி மனுப் போட்டவர் என் நைனா.

எனக்கு ஆங்கிலம் நடத்தியவர் காளஹஸ்திக்காரர். எந்தச் சொல்லுக்கும் தெலுங்கில்தான் அர்த்தம் சொல்வார். ஒரு நாள், "நீட் அண்டே அவசரம்" என்றார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அதை எனக்கு எந்தப் புண்ணியவான் சொன்னான்? எனக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. அங்கே 'வேணுமா' என்பதற்கெல்லாம் 'காவாலா'தான். நான் நம்ம தமிழ் அவசரத்தையே மனப்பாடம் செய்துவைத்தேன்.

அந்தப் பாழாய்ப்போன அர்த்தம் எங்கேயாவது இடித்ததா? இல்லையே! இலக்கணப் பாடத்தில் உழவனுக்கு மழை நீட். விதைத்தவனுக்கு அவசரம் இருக்காதா? கதையில் சிங்கத்துக்கு இரை நீட். பசி வந்தால் அவசரம்தானே. பாட்டில் பூவுக்கு வெயில் நீட். (பாட்டில் வரும் பூ எதற்கு வேண்டுமானாலும் அவசரப்படும்.) வகுப்பில் நான்தான் முதல் மார்க்.

மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். விசாரணையோடு எங்கள் ஆங்கிலத்தையும் சோதித்துவிடலாம் என்று அந்த மகானுக்குத் தோன்றியிருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். போய் நின்றேன்.

"டூ யூ நீட் எ தமிழ் டீச்சர்?"

தமிழ் வாத்தியாருக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்! பெரிய மனிதரை விரட்டலாமா? மெதுவாகவே அனுப்பட்டும் என்று, "நோ நீட், சார். ஸ்லோலி, ஸ்லோலி" என்றேன்.

"வெரி குட்!" என்று முதுகில் தட்டினார். பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நைனா தறியை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னாடி சொல்லிக்கினு வந்த? வாத்தியாரே வேணாம்னியாமே?"

"இல்ல நைனா, அவசரம் இல்லன்னுதான் சொன்னேன்!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

எனக்கு என் மேல் கோபமில்லை. பதினொரு வயதுப் பிள்ளை உளறியதை வைத்து ஓர் ஊரின் பாஷைக்குப் பூட்டுப் போட்ட அந்த ஆள் மேல்தான் கோபம். ஊரே கையெழுத்துப் போட்ட மனு அவன் கண்ணுக்குத் தெரியவில்லையாம், என் ஆங்கிலம் மட்டும் தெரிந்ததாம்!

வீட்டில் இன்றைக்கும் யாராவது பந்தியில் பறந்தால், "நோ நீட், ஸ்லோலியா துன்னு" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

இதை எழுதி முடித்த ஜோரில், யோசிக்காமல் முதலில் தம்பியிடம் நீட்டினேன். எனக்குப் பின்னால் அதே பள்ளியில் படித்தவன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

"இப்பவே படிச்சுக் காட்டட்டுமாடா?" என்றேன்.

"நோ நீட், அக்கா," என்று சிரித்தான். "ஸ்லோலி."