காத்திவாக்கத்துத் தற்காலிக மண்கரை

வளர்ச்சியும் இயற்கையும் இனிமேல் தனித்தனியாக இருக்கக் கூடாது என்று தேசம் முடிவு செய்தது. முடிவு செய்த இடம் தலைநகரில் ஒரு குளிர்சாதன மண்டபம். அந்த முடிவு வந்து சேர்ந்த இடம் வடசென்னைக் காத்திவாக்கம். வருகிற வழியில் கொஞ்சம் மெலிந்து, ஒரு பெயர்ப் பலகையாகவும் ஓர் அதிகாரியாகவும் வந்து இறங்கியது. பலகையில் ‘நிலைத்த வளர்ச்சி ஒருங்கிணைப்புப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. அதிகாரியின் பெயர் செங்குட்டுவன்.

காத்திவாக்கத்துக்கு அப்போது வேறொரு கவலை. கழிமுகத்திலிருந்து உள்ளே வரும் ஓடையின் குறுக்கே ஒரு மண்கரை கிடந்தது. குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரர், லாரி போய்வரத் தற்காலிகமாகக் கொட்டியது. குழாய் பதிந்தது. லாரி போனது. ஒப்பந்தக்காரரும் போனார். கரை மட்டும் போகவில்லை. கடல் தண்ணீர் உள்ளே ஏறுவது நின்றது, அதோடு வரும் இறாலும் நின்றது. மழைக்காலம் வந்தால் ஊர்த் தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை.

அந்த ஓடையில் கையால் தடவிப் பிடித்த இறாலை விற்றுத்தான் சிலுவைமுத்துவின் மனைவி ஐரீன் அடுப்பு மூட்டிவந்தாள். சிலுவைமுத்து வீட்டுக்குச் சம்பாதித்தவர் இல்லை. அவர் வர்க்கத்துக்குச் சம்பாதித்தவர். ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, வேலைநிறுத்தத்தில் வேலையைப் பறிகொடுத்து, உலகத்தைத் துண்டுப் பிரசுரங்களிலேயே படித்து முடித்தவர். வடசென்னையில் அவர் தரையில் உட்கார்ந்து முழக்கம் போடாத ஆலை வாசல் ஒன்றுகூடக் கிடையாது.

“யோவ், ஊர்ல கீற கம்பெனிய எல்லாம் மூடச் சொல்லிக் கத்துனே. ஒண்ணுகூட மூடல. இந்த ஓடையத் தொறக்கச் சொல்லியாவது கத்துய்யா, மய வர்றதுக்குள்ள” என்றாள் ஐரீன்.

சிலுவைமுத்து சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புதிய அலுவலகத்துக்குப் போனார்.

செங்குட்டுவன் நல்ல மனிதர். பிளாஸ்டிக்கைக் கையால் தொடமாட்டார். செம்புக் குப்பியில் தண்ணீர், மூங்கில் பேனா, தட்டில் கம்பு பிஸ்கட். ஜன்னலை இறுக மூடி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் வெளியே இருக்கும் சுற்றுச்சூழல் உள்ளே வந்துவிடும்.

“சார், அந்தக் கரைய எடுக்கணும்.”

“எடுக்கலாம் ஐயா. சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்ததும்.”

“கொட்டும்போது இன்னா ஆய்வு பண்ணீங்க?”

“கொட்டியது தற்காலிகம். தற்காலிகத்துக்கு ஆய்வு தேவையில்லை.”

“அப்ப எடுக்கறதுக்கு?”

“எடுத்தால் எடுத்ததுதானே? அது நிரந்தரம். நிரந்தர மாற்றத்துக்கு ஆய்வு கட்டாயம். முன்பெல்லாம் யோசிக்காமல் தோண்டினார்கள். இப்போது இயற்கையைத் திட்டத்தோடு ஒருங்கிணைத்துவிட்டோம்.”

“அந்த இயற்கை அங்க மூச்சு முட்டிக்கினு கீது சார்.”

“அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்வோம்” என்று சொல்லி, செங்குட்டுவன் பிஸ்கட் தட்டை அன்போடு நகர்த்தினார்.

ஆய்வு தொடங்குவதற்குள் சுற்றுச்சூழல் தினம் வந்துவிட்டது. மரக்கன்று நட இடம் வேண்டும். அதிகாரிகளின் கார் போய் நிற்கக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட ஒரே மண் அந்தக் கரைதான். நட்டார்கள், படம் எடுத்தார்கள், எல்லோருக்கும் மஞ்சள் பை கொடுத்தார்கள். கன்றுகள் உப்புக்காற்றில் கருகின. ஆனால் படத்தில் பச்சையாகவே இருந்தன. அந்தப் படம் மாவட்டத் திட்டத்தில் ஏறி, மாநிலத் திட்டத்தில் ஏறி, தேசியத் திட்டத்தின் ‘இயற்கை’ அத்தியாயத்தில் போய் உட்கார்ந்தது. தேசத்தின் பசுமைப் பரப்பு ஒரு கரையளவு கூடியது.

“இப்போது கரையை எடுத்தால் நாட்டின் பசுமை குறையும் ஐயா” என்றார் செங்குட்டுவன். உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

சிலுவைமுத்துவுக்கு இரத்தம் கொதித்தது. கொதித்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கரையின் மேலேயே போய் உட்கார்ந்தார். போராட்டம் என்றால் கொடி வேண்டும். கொடி என்றால் கம்பம். கம்பம் என்றால் பீடம். கொட்டின மண்ணில் கம்பம் நிற்கவில்லை. எனவே தோழர்கள் ஜல்லியும் சிமெண்டும் கொண்டுவந்தார்கள். அவர் தன் கையாலேயே கலவை போட்டார்.

ஐரீன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். “கரைய எடுக்கத்தான போராடறே? அதுக்கு இன்னாத்துக்குய்யா சிமிட்டி?”

“போராட்டம் உறுதியா இருக்க வேணாமா? உனுக்கு அரசியல் புரியாது ஐரீனு.”

மறுநாளே எதிர்ச் சங்கத்து வரதன் வந்து, சிலுவைமுத்துவின் கம்பத்தைவிட ஒரு முழம் உயரமாகத் தன் கம்பத்தை நட்டார். சிலுவைமுத்து தன் பீடத்தில் இரண்டு படி ஏற்றினார். ஆளுங்கட்சி வந்தது. எதிர்க்கட்சி வந்தது. ஆட்டோ சங்கம், சாதிச் சங்கம், நடிகர் ரசிகர் மன்றம் எல்லாம் வந்தன. எல்லோருக்கும் கோரிக்கை ஒன்றுதான்: கரையை அகற்று. இத்தனை பீடங்களைத் தாங்க முடியாமல் கரை சரியப் பார்த்தது. இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணும் லாரி லாரியாகக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் கொட்டி, கரையை அகலப்படுத்தி, அதை அகற்றச் சொல்லும் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அரசு பணிந்தது. தலைநகரிலிருந்து யாரோ, ‘மக்கள் கோரிக்கையை ஏற்ற ஓர் உதாரணம் உடனே தேவை’ என்று கேட்டிருந்தார்கள். ஆய்வே இல்லாமல் அகற்றும் உத்தரவு வந்தது. பட்டாசு வெடித்தார்கள். ஹுமாயூன் என்ற டிரைவர் ஜேசிபியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

“எந்தப் பக்கம் கை வெக்கட்டும் நைனா?”

வரதன் முந்திக்கொண்டார். “மொதல்ல நட்டவன் கம்பத்த மொதல்ல புடுங்கு. அதான் நாயம்.”

“இன்னா நாயம்? மொதல்ல எய்ந்தவன் கடைசியாத்தான் சாய்வான். நேத்து வந்தவன் கம்பம் மொதல்ல போவட்டும்” என்றார் சிலுவைமுத்து.

“எங்க கொடிய இறக்கிட்டு உங்கொடி பறக்குமா? பாத்துர்லாம் வா!” என்று வரதன் எகிறினார்.

ஹுமாயூன் ஏழெட்டு நிறத்தில் பறந்த கொடிகளை அண்ணாந்து பார்த்தான். “மாமு, மண்ணுன்னா வாரிடுவேன். இத்துல எத்தத் தொட்டாலும் என் வண்டிக் கண்ணாடி மிஞ்சாது” என்று சொல்லி வந்த வழியே வண்டியைத் திருப்பினான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் காலையில் ஐரீனும் இறால் பிடிக்கும் பெண்களும் கடப்பாரையோடு கரை ஏறினார்கள். ஐரீன் நேராகத் தன் புருஷனின் பீடத்தில்தான் முதல் குத்து குத்தினாள்.

சேதி ஊரெல்லாம் பரவியது: கம்பத்தில் கை வைக்கிறார்கள்! கரையை எடுக்க ஒருநாளும் ஒன்றுசேராத கட்சிகளும் சங்கங்களும் அரைமணியில் ஒன்றுசேர்ந்தன. வரதன் சிலுவைமுத்துவைக் கட்டிப்பிடித்தார். ‘அனைத்துக் கட்சிக் கரைப் பாதுகாப்புக் குழு’ அந்த இடத்திலேயே உதயமாகி, மூத்தவர் என்ற முறையில் சிலுவைமுத்துவைத் தலைவராக்கியது. செங்குட்டுவனும் ஓடிவந்தார். வளர்ச்சி, இயற்கை, மக்கள் மூன்றும் ஒரே கரைமேல் ஒருங்கிணைந்து நிற்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது.

யாரோ மைக்கைச் சிலுவைமுத்து கையில் திணித்தார்கள். ஆயுசு முழுக்க மைக் பிடித்த கை. மைக்கைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும். ஆலைகள் நிலம் பறிக்க வந்தபோதெல்லாம் முழங்கிய முழக்கம் அதில் எப்போதும் தயாராக இருந்தது.

“இந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட எவனும் எடுக்க விடமாட்டோம்!”

கூட்டம் அதிர்ந்தது. செங்குட்டுவனும் கைதட்டினார். அதற்குப் பிறகுதான் சிலுவைமுத்து தன் பீடத்தருகே கடப்பாரையோடு நின்றவளைப் பார்த்தார். சொன்னதைத் திரும்ப வாங்க வாயைத் திறந்தார். “வாழ்க! வாழ்க!” சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஐரீன் கடப்பாரையைக் கீழே போட்டாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சுற்றுச்சூழல் தினத்தில் கொடுத்த மஞ்சள் பையை இடுப்பிலிருந்து உருவி, அதில் போட்டுக்கொண்டாள்.

“ஒரு பிடி எடுத்துக்கினேன் தலைவரே, கேஸ் கீஸ் போட்றாத. வூட்டுல இறா இல்ல. இன்னிக்குக் கொயம்புல இத்தத்தான் போடப் போறேன். மீட்டிங் முடிஞ்சதும் உன் கட்சி, அவன் கட்சி, அந்த பிஸ்கட்டு சாரு, எல்லாரையும் இட்டுக்கினு சாப்ட வா.”

கூட்டம் அதற்கும் கைதட்டியது. முதல் தூறல் விழுந்தது.