குறிப்பிடத்தக்கவர் அல்லாத என் மாமனார்

கோபத்தில் நான் இறங்கிய காரியம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. அதில் முதலிடம், என் மாமனாரை இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றியே தீருவேன் என்று கிளம்பியதற்குத்தான். (கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள்.)

மாமனார் பெயர் தண்டபாணி. மணலூர்பேட்டைக்காரர். இளவயதில் கபடியை மட்டுமே நம்பிச் சோறு தின்றவர். எந்த ஊர் கூப்பிட்டாலும் போவார். பாடி, பிடித்து, ஜெயிக்க வைத்துவிட்டு, கூலியும் கறிச்சோறும் வாங்கிக்கொண்டு திரும்புவார். இன்று டிவியில் தொழில்முறை ஆட்டக்காரர் என்கிறார்களே, அதை ஏலமும் ஜெர்சியும் இல்லாமல் அன்றே செய்தவர். ஒரே சிக்கல், பந்தயத்தில் உள்ளூர் ஆள்தான் ஆட வேண்டும் என்பது விதி. அதனால் கூலிக்குப் போகிறவர் உள்ளூர்க்காரன் ஒருவன் பெயரில் இறங்குவார். பெயரைக் கொடுத்த ஆசாமி ஆட்டம் முடிகிறவரை வீட்டுக்குள் பதுங்கிக் கிடக்க வேண்டும். (மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவன் அதே நேரத்தில் டீக்கடையில் பஜ்ஜி தின்னக் கூடாதல்லவா?)

"கப்பு வாங்கனது பூரா நானு மாப்ள. மைக்ல சொல்றது வேற எவன் பேரயோ. எம்பேர ஒரு தபா கூட சொன்னதில்ல" என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பி, விளம்பரத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே கலைக்களஞ்சியத்தில் தேடினேன். எங்கோ வெளிநாட்டில், நூறு வருடத்துக்கு முன்னால், ஒரே ஒரு ஆட்டம் ஆடிய ஒருவருக்குத் தனிக் கட்டுரை இருந்தது. அந்த ஒரு ஆட்டத்திலும் மனிதர் எதையும் கிழிக்கவில்லை. முதல் பெயர் தெரியாது, பிறந்த ஊர் தெரியாது, செத்தது எப்போது என்றும் தெரியாது. சம்பளத்துக்கு ஆடினார், பழைய பேப்பரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் தகுதி. என் மாமனாருக்கு முழுப் பெயர் இருக்கிறது, இனிஷியல் இருக்கிறது, சுகர் இருக்கிறது. ஆளே இருக்கிறார்! இது எந்த ஊர் நியாயம்?

எழுதினேன். 'கபடியின் முன்னோடித் தொழில்முறை வீரர்' என்று தொடங்கி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஆடியது வரை விடாமல் எழுதி ஏற்றினேன். ஆதாரம் எங்கே என்று அங்கே ஒருவர் கேட்டார். எப்படித் தருவது? பேப்பரில் வந்ததெல்லாம் அடுத்தவன் பெயர். 'கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள், ஆளையே காட்டுகிறேன்' என்று பதில் போட்டேன். இதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில் மாமனாருக்கு எழுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் 'கலைக்களஞ்சியம் கண்ட கபடி வேங்கையே!' என்று பிளெக்ஸ் வைத்தேன். மேடையில் வாடகைக்குப் பெரிய திரை.

"ஒரு தபா பாத்துட்டு அப்பால போடுங்க" என்றாள் மனைவி செல்வி.

"எனக்குத் தெரியும், நீ கம்முனு இரு" என்றேன்.

மாலையும் கழுத்துமாக மாமனாரும் மாமியாரும் நின்றார்கள். பொத்தானை அழுத்தினேன். அவர்கள் தலைக்கு மேலே ஆள் உயர எழுத்தில் வந்தது: 'இந்தப் பக்கம் நீக்கப்பட்டது. காரணம்: குறிப்பிடத்தக்கவர் அல்லர்.' போட்டோக்காரர் அதையும் சேர்த்துப் படம் எடுத்தார். மாமனார் நிமிர்ந்து திரையைப் படித்தார். படித்துவிட்டு மாலையைக் கழற்றப் போனார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மைக்கைப் பிடுங்கி, "யார் குறிப்பிடத்தக்கவர் இல்லை? எலவனாசூர்கோட்டை அணியை ஃபைனலில் மண்ணைக் கவ்வ வைத்தாரே, பிச்சமுத்து என்ற பெயரில் இறங்கி, அவர் நிஜத்தில் யார் தெரியுமா? இவர்தான்!" என்று கத்தினேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்தது. எழுந்து நின்றவர் என் சொந்தப் பெரியப்பா ஜெயராமன். எலவனாசூர்கோட்டைக்காரர். (அந்த அணியின் கேப்டன் அவர்தான் என்பதை ஆத்திரத்தில் மறந்தே போனேன்.) நொண்டிக்கொண்டே மேடையேறி, என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார்.

"யோவ் சம்மந்தி! அன்னிக்கு ஆடனது நீயா? அந்தப் பிச்சமுத்துவ இம்மாம் வருசமா தேடிக்கினு கெடந்தேன்யா! வூட்டுக்கே போய்ப் பாத்தா, எவனோ ஒல்லிப்பிச்சான் வந்து நிக்கிறான்! இவனா என் முட்டிய பேத்தான்னு எனக்கே வெக்கமாப் பூடுச்சி!" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க ஆளுங்க அஞ்சு பேரு மேல வுழுந்து அமுக்கியும், அத்தினி பேரயும் இழுத்துக்கினு போய் கோட்டத் தொட்டவன் இவன்தான்! தண்டபாணி! மணலூர்பேட்டை தண்டபாணி! ஃபிராடு பையன்!"

மண்டபமே கை தட்டியது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவின் கையைப் பிடித்தார். "இன்னொரு தபா சொல்லுங்க சம்மந்தி" என்றார். பெரியப்பா இன்னும் சத்தமாகத் திட்டினார்.

கட்டுரை திரும்ப ஏறவில்லை. சார்பற்ற, நம்பகமான, நேரில் உதை வாங்கிய ஆதாரம் ஒன்று கையில் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன், மசியவில்லை. அந்த முதல் பெயர் இல்லாத மனிதர் மட்டும் இன்னும் அங்கே ஜம்மென்று இருக்கிறார். இருக்கட்டும், அவரை எடுக்கச் சொல்லவில்லை. அவரும் கூலிக்கு உடம்பைக் கொடுத்தவர்தானே. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வீட்டில் குழம்புக்கு உப்பு பற்றாது என்று நான் வாயைத் திறந்தால், "குறிப்பிடத்தக்கவர் அல்லாதவங்க கம்முனு துண்ணுங்க" என்கிறாள் செல்வி. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பத்திரிகை எலவனாசூர்கோட்டைக்குத்தான் போகிறது. பெரியப்பா சாப்பிட்டதும் மைக்கைக் கேட்டு வாங்கி, ஊர் பேரோடு சேர்த்து மாமனாரைத் திட்டித் தீர்ப்பார். அவர் மேடையேறுகிற வரை மாமனார் கைகூடக் கழுவாமல், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.