இருட்டண்ணன் வீட்டு மீட்டர்

மீட்டர் மீது சந்தேகம் எழுந்தால் அதிகாரி நேரில் வந்து, வீட்டுக்காரர் முன்னிலையில் சோதித்து, முடிவைத் தாமதமின்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது விதி. எதைத் தாமதம் என்பது என்று சொல்ல மட்டும் விதியை எழுதியவர் மறந்துவிட்டார்.

அந்த மறதியில் மாட்டிக்கொண்டவர் இருட்டண்ணன். மனிதர்கள் மின்சாரத்துக்குப் பயந்த முப்பதுகளில், கடல் தாண்டி வந்த நாங்கள் குடியிருந்த ஜார்ஜ் டவுனிலேயே மின்சாரம் பயந்த ஒரே மனிதர் அவர்தான். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு எதிர்வீடு. துறைமுகத்தில் சர்க்கார் குமாஸ்தா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான். அது எரியும் அறைதான் வீடு. அவர் மனைவியான அக்கா கீரை ஆய்வதும், பிள்ளைகள் கணக்குப் போடுவதும், விருந்தாளி ஊர்க்கதை பேசுவதும் அதன் கீழேதான். நடுமுற்றத்து வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். தலையங்கத்தை ஒரு சுவரோரம் தொடங்கி, விளம்பரங்களை எதிர்ச்சுவரோரம் முடிப்பார். குளிக்கும் தண்ணீர் வெயிலில் சுடும். சோறு வடித்த அடுப்பின் தணல் நேரே இஸ்திரிப் பெட்டிக்குப் போகும்.

பிறர் வீட்டையும் விடமாட்டார்.

"தம்பி, அந்த ரூம்புல யாரு?"

"யாருமில்லண்ணே."

"அப்ப யாருக்குலா எரியுது?"

அணைத்துவிட்டு வந்துதான் காப்பியைத் தொடுவார். ஒரு கல்யாணத்தில் மணமக்கள் பந்திக்குப் போன மறுகணம் மேடை விளக்கை அணைத்தார். படம் பிடிக்க வந்தவர் கேமராப் பெட்டியோடு கீழே விழுந்தார்.

இப்படிப்பட்டவருக்கு மின்சார ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது: மீட்டரில் ஏறியிருப்பது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, மின்சாரம் களவாடப்படுவதாகச் சந்தேகம், விளக்கம் தருக.

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. சர்க்கார் உத்தியோகஸ்தர் மேல் களவு உறுதியானால் வேலை போகும், பென்ஷனும் போகும். அவர் நோட்டீஸை முற்றத்து வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் படித்தார். அன்று வெயில் நகர்ந்தது, நாற்காலி நகரவில்லை.

விளக்கத்தை நான்தான் எழுதினேன், அதிகாரிகள் படிக்காமலே மதிக்கும் வகை ஆங்கிலத்தில். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அண்ணன் கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழும். துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தினமும், "பதில் வந்திச்சா?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே பணப்பெட்டியைப் பார்ப்பாராம்.

கொஞ்ச நாள் விளக்கைத் தாராளமாக எரிக்கச் சொன்னது தெரு. மீட்டர் ஏறினால் சந்தேகம் தீருமாம். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்.

"இப்ப கூட்டி எரிச்சா, இத்தன நாளும் திருடினோம்னுதானே ஆகும்?"

தெரு கலைந்தது. குறைத்தால் களவு, கூட்டினால் வாக்குமூலம். இதற்கு விதிப்புத்தகத்தில் வழி உண்டா என்று தேடினேன். இல்லை.

கடைசியில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பைச் செலவழிக்காதவர். அன்று பார்த்து மழை இருட்டு. கூடத்து விளக்கைப் போட்டோம். அதிகாரி எதிரே இவர் கை சும்மா இருக்காது என்று அக்காவுக்குத் தெரியும். கொதிக்கும் காப்பித் தம்ளரை இரண்டு கையிலும் கொடுத்து, அண்ணனைச் சுவரோரம் நிறுத்தினார். அந்தச் சுவரில்தான் சுவிட்ச்.

இன்ஸ்பெக்டர் முக்காலியில் ஏறி, டார்ச் அடித்து மீட்டரை ஆராய்ந்தார். முத்திரையைத் தடவினார். கம்பிகளைத் தொடர்ந்தார்.

கூடம் இருண்டது.

"ஆர் லைட்டை நூர்த்தது?"

காப்பி ஒரு சொட்டும் சிந்தவில்லை. முழங்கையால் அணைத்திருந்தார்.

"நான்தாங்க," என்றார் அண்ணன். "உங்ககிட்டதான் டார்ச் இருக்கே. ரெண்டு எதுக்குன்னு…"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பென்ஷன் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அண்ணன் முகத்துக்குத் திருப்பினார்.

"மீட்டரில ஒரு பிழையும் இல்லை," என்றார். "இந்த மனுசன்ர கைதான் பிழை."

ஆனால் வாய்ச்சொல் முடிவாகாது. எழுத்து வர வேண்டும். அண்ணன் மறுபடி சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தார். ஓய்வு நாள் நெருங்கியது. சட்டை தோளில் தொங்கியது.

களவு இல்லை என்று பதில் வந்த மாலை அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, வீட்டிலிருந்த அத்தனை விளக்கையும் போட்டார். சந்தே வந்து வேடிக்கை பார்த்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரித்தபடி, வியர்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. கண் கூசுகிறது என்று சொல்லி நானே ஒவ்வொன்றாக அணைத்தேன். "நல்ல பிள்ளடா தம்பி நீ," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் இல்லை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும், ஆளில்லாத அறையில் ஒரு விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டு, யாராவது எழுந்து வந்து திட்டுவார்களா என்று உட்கார்ந்திருப்பேன். அது பதில் வந்த நாள், தீபாவளிக்கு முதல் நாள்.