டிராகனுக்கு நோட்டீஸ் கொடுத்தவர்

நெருப்பு கக்கும் டிராகனுக்கு, 'உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்' என்று நோட்டீஸ் எழுதிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் நான் நான்கு வருடம் குடியிருந்தேன்.

தெருவில் அவருக்குப் பெயர் சேஃப்டி. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். அதனால் ஓய்வு கிடைத்தது கம்பெனிக்குத்தான், எங்களுக்கு இல்லை. மாடிப்படியில் படிக்குப் படி மஞ்சள் கோடு. முருங்கை மரத்தடியில் 'அசெம்ப்ளி பாயிண்ட்' என்று பச்சைப் பலகை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு விசில் ஊதுவார். எல்லாரும் இருந்தது இருந்தபடி மரத்தடிக்கு ஓடி வர வேண்டும். ஒருமுறை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடினேன்.

"மூணு நிமிஷம் பத்து செகண்டு," என்றார் கடிகாரத்தைப் பார்த்து. "நீங்க ஷேவ் பண்ணி முடிக்கட்டும்னு நெருப்பு நிக்குமா சார்?"

"இதுக்கே இப்படி முழிக்கறீங்களே," என்பார் அவர் மனைவி என்னிடம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். "இவுரு சாமி கும்புடறப்ப பாத்திருக்கீங்களா? கற்பூரத் தட்டுக்குப் பக்கத்துல மணல் வாளி வெப்பாரு. சாமியே பயந்துக்கும்."

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தால்கூட கம்பெனி வழக்கப்படி பர்மிட் எழுதுவார். என்ன வேலை, என்ன ஆபத்து, என்ன முன்னெச்சரிக்கை என்று கட்டம் கட்டமாக. தொட்டிக்குள் முதலில் ஒரு மீட்டரைக் கயிற்றில் இறக்கிக் காற்றைச் சோதிப்பார். அனுப்புகிறவர் கையெழுத்து, இறங்குகிறவர் கையெழுத்து. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். வேலை முடிந்து ஆள் முழுசாக மேலே வந்த பிறகு இருவரும் அதில் கையெழுத்துப் போட்டு பர்மிட்டை 'மூட' வேண்டும். மூடும் வரை அந்தத் தாள் மாடிப்படி ஓரத்து ஆணியில் தொங்கும். அதுவரை சேஃப்டி சாப்பிட உட்கார மாட்டார்.

அவருடைய ஒரே மகள் கவிநிலா அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி விவசாயம் படித்தாள். கடைசி வருடம், ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டுக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னாள். அருணாசலப் பிரதேசத்து மலைக் கிராமங்களில் பழைய நெல் ரகங்களைச் சேகரிக்கும் வேலை. இரண்டு வருடம். ஜூனில் சேர வேண்டும்.

சேஃப்டி சோறு பிசைவதை நிறுத்தினார். "நிலச்சரிவு ஏரியா. முடியாது."

கவி அழவில்லை, சண்டை போடவில்லை. பையிலிருந்து ஐந்து தடிமனான புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். 'சாம்பல் மலை' என்ற ஆங்கில மாயாஜாலத் தொடர். விடுதிப் பெண்கள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படிப்பது.

"அஞ்சையும் படிங்கப்பா. படிச்சி முடிச்சிட்டு அப்பவும் முடியாதுன்னு சொல்லுங்க. நான் போவல. சத்தியமா."

ஒரு பேப்பரைப் படிக்காமல் நிராகரிக்க அவரால் முடியாது என்பது மகளுக்குத் தெரியும். மறுநாள் காலை முதல் பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். நான் அப்போது ஒரு டுட்டோரியலில் ஆங்கிலப் பாடம் எடுத்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கணக்கில் நான் எதிரி முகாமைச் சேர்ந்தவன்.

"சார், இது எத்தனாவது ரிவிஷன்?"

"இது கதைப் புக்கு சார். அதுக்கு ரிவிஷன்லாம் கெடையாது."

"அப்ப தப்பு இருந்தா யாரு திருத்தறது?"



இருபத்தெட்டு வருடம் ஆங்கிலக் கையேடுகளைப் படித்தவர், கதை என்று ஒன்றைப் படிப்பது அதுதான் முதல் தடவை. அதை விபத்து விசாரணையாகவே நடத்தினார். கையில் பென்சில், பக்கத்தில் நோட்டு. கதாபாத்திரங்களின் பெயரை வாயால் சொல்லவே மாட்டார். கதாநாயகி 'அந்தப் புள்ள'. டிராகன் வளர்க்கக் கற்றுத்தரும் கோட்டையின் தலைவர் 'வெள்ளத்தாடி'. ஏன் என்று கேட்டதற்கு, "பேரு சொன்னா பாசம் வந்துடும் சார். அப்பறம் இன்கொயரி கெட்டுடும்," என்றார்.

முதல் பாகத்தில் அவர் நோட்டு பதினாலு பக்கம் நிரம்பியது.

"காக்கா கொண்டாந்து போட்ட கடுதாசிய நம்பி ஒரு புள்ள கெளம்புது. அதுல சீல் இருக்கா? ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கா? அங்க போனா நாப்பது புள்ளைங்களுக்கு ஒரே படிக்கட்டு. கீழ்த் தளத்துல டிராகன். எவன் சார் இந்த பில்டிங்குக்கு அப்ரூவல் குடுத்தது?"

"அது மந்திரக் கோட்டை சார்."

"மந்திரக் கோட்டன்னா வேறாளா? நெருப்பு நெருப்புதான்." அன்றுதான் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் டிராகனுக்கு நோட்டீஸ் எழுதப்பட்டது. நகல் வெள்ளத்தாடிக்கு.

எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பினார். "இன்னொண்ணு சார். மொத சேப்டர்லயே பொண்ணு வீட்ட வுட்டுக் கெளம்புது. அப்பன ஒண்ணு சாவடிச்சிடறீங்க, இல்ல முட்டாளாக்கிடறீங்க. அப்பதான அது போவும்? இது தானா நடக்கற மாதிரி தெரியல. நீங்கள்லாம் சேந்து பிளான் பண்ணிதான் பண்றீங்க."

அன்று முழுக்க அவர் என்னைப் பார்த்த பார்வை, கடலூர் மாவட்டத்தில் வீட்டை விட்டுப் போன பெண்கள் அத்தனை பேருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன் என்பது போல் இருந்தது.

இரண்டாம் பாகத்தில் வாள் வைத்திருக்கும் ஓர் அழகான பையன் வந்தான். சேஃப்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார்.

"ஜன்னல் வழியா வர்றான் சார். கதவு இருக்குது. தொறந்துதான் இருக்குது. இவன் எதுக்கு ஜன்னல் வழியா வர்றான்?"

"காதல் சார்."

"காதலுக்கு கதவுல நுழைய முடியாதா?"

மூன்றாம் பாகத்தின் பாதியில் விசாரணை களத்துக்கு மாறியது. ஒரு பகல் வேளையில், சுயேச்சைச் சாட்சி வேண்டும் என்று என்னையும் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினார். அவசர வழிக்குப் பக்கத்து இருக்கை காலியாகும் வரை ஆலப்பாக்கம் தாண்டியும் நின்றுகொண்டே வந்தார். அண்ணாமலை நகரில் விடுதிக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. கவியும் அவள் தோழிகள் நான்கு பேரும் வந்தார்கள். அப்பா நோட்டைத் திறந்ததும் கவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க எதுல இருக்கீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டாள் பரங்கிப்பேட்டை ஷாஹிதா. ஐந்து பாகத்தையும் மூன்று முறை படித்தவளாம்.

"மூணு. எரநூத்திப் பத்தாம் பக்கம். எனக்கு வெள்ளத்தாடி மேல டவுட்டும்மா."

ஐந்து பேரும் ஒரே சமயத்தில் டம்ளரைக் கையில் எடுத்தார்கள்.

"அவுரு ரொம்ப நல்லவரு அங்கிள்," என்றாள் ஒருத்தி, ஸ்ட்ராவைப் பார்த்துக்கொண்டே.

"அதான் டவுட்டு. இதுவரைக்கும் பதினோரு ஆக்சிடென்ட். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு நிமிஷம் முன்னாடி இந்தாளு அங்க இருந்திருக்கான். சட்டையில ஒரு கறை இல்ல. எங்க கம்பெனியிலயும் ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் இருந்தான். கண்ணு, தங்கம்னுதான் கூப்புடுவான். வேல நடக்கற எடத்தப் பாக்காமலே பர்மிட்ல கையெழுத்து போடுவான்."

ஷாஹிதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். பஸ் ஏறியதும் சேஃப்டி என் காதில் சொன்னார். "அந்தப் பொண்ணு மூஞ்ச மூடிக்கிச்சு பாத்தீங்களா? விஷயம் இருக்குது சார்."

நான்காம் பாகத்தில் வெள்ளத்தாடி துரோகி என்று வெளிப்பட்டது. சேஃப்டி மாடிக்கு அல்வாவோடு வந்தார். பத்து வருட வழக்கில் தீர்ப்பு வந்தவரைப் போல முகம் ஜொலித்தது. கவிக்குப் போன் போட்டு, "சொன்னனா இல்லியா? நீ இப்படி ஒரு ஆள நம்பித்தான் மலைக்குப் போறன்ற," என்றார். அந்த முனையில் கவி போனை வைத்துவிட்டாள். அந்த வேலை போயிற்று என்றே நானும் நினைத்தேன். ஜூனுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை அல்வா இல்லை. நான்காம் பாகத்தை ஒரு பக்கத்தில் விரல் வைத்துப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் கவியின் பழைய விடுதி விண்ணப்பம்.

"இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒண்ணுதானா பாருங்க சார்."

கோட்டையின் வாசலில் ஹார்பன் என்று ஒரு காவலன் வருவான். சிடுமூஞ்சி. மலையேறுகிற ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்ப்பான், திட்டுவான், மறுபடி கட்டச் சொல்வான். கோட்டையே அவனைக் கிண்டல் செய்யும். அந்தப் பத்திக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது. 'அப்பா'.

"கவி கையெழுத்துதான் சார்," என்றேன்.

"இது நல்லவிதமா எழுதுனதா? நக்கலா எழுதுனதா?"

பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பெண் பாறையிலிருந்து வழுக்கி விழுகிறாள். கயிறு இறுகுகிறது. 'முடிச்சு அவிழவில்லை' என்ற வரியின் கீழ் இரண்டு கோடு. ஓரத்தில் மறுபடியும் அதே வார்த்தை.

சேஃப்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அந்த மனிதரை நான் எத்தனை பத்திரிகை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது.

அதன் பிறகு பத்து நாள் ஐந்தாம் பாகத்தை அவர் திறக்கவே இல்லை. அக்காவே மாடிக்கு வந்து முறையிட்டார். "புக்கு மேல ஒரு துணியப் போட்டு மூடி வெச்சிருக்காரு. புள்ள தெனம் போன் போட்டு அப்பா படிச்சாச்சான்னு கேக்குது. நான் இன்னா பதில் சொல்றது?"

நான் கீழே போய்க் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஹார்பன போட்டுத் தள்ளிடுவாங்க சார். கடைசி பாகம் பாருங்க. ஒங்க ஆளுங்க புத்தி எனக்குத் தெரியும்."

முதல் தடவையாக அவர் வாயில் ஒரு பெயர் வந்திருந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டவில்லை.

"நீங்க மொதல்ல உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. காத்து சரியா இருக்குதுன்னா நான் எறங்கறேன்."

அறுநூறு பக்கம். டுட்டோரியலுக்கு இரண்டு நாள் லீவு போட்டுப் படித்தேன். வாடகை கொடுத்து ஒருவர் வீட்டில் குடியிருந்ததற்காகத் தொட்டிக்குள் இறக்கிய மீட்டராக ஆன எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முடித்துவிட்டுப் படியிறங்கியபோது சேஃப்டி கடைசிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆள் இருக்கானா?"

"இருக்காரு சார். எறங்கலாம்."

நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கவி வந்திருந்தாள். முதல் ஞாயிறு என்பதால் நாங்கள் நால்வரும் முருங்கை மரத்தடியில் நின்றோம். விசில் அவர் கழுத்தில் தொங்கியது. அன்று யாருக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை.

"படிச்சிட்டீங்களாப்பா?"

"கடைசி சேப்டர்ல அந்தப் புள்ள மலைக்கு அந்தாண்ட கெளம்புது. ஹார்பன் முடிச்ச இழுத்துப் பாத்துட்டு, அவனே சாவி போட்டுக் கதவத் தொறக்கறான்." நிறுத்தினார். "எனக்கு ரெண்டு எடத்துல ஆட்சேபம் இருக்குது."

"நான் போலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்கப்பா."

சேஃப்டி முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். "கயிறு வாங்கணும்," என்றார்.

கவி அவரைக் கட்டிக்கொண்டபோது விசில் நடுவில் நசுங்கியது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "இத ஒரு மாசம் முன்னாடி சொல்றதுக்கு இன்னா," என்றார்.

முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போய்ப் படகுக்காரர்கள் வாங்கும் கயிற்றில் முப்பது மீட்டர் வாங்கி வந்தார். ஜூனில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பர்மிட்டை எடுத்தார். வேலை: நெல் சேகரிப்பு. ஆபத்துகள்: நிலச்சரிவு, அட்டை, மழை, நல்லவன் மாதிரி பேசுகிறவர்கள், ஜன்னல் வழியாக வருகிறவர்கள். முன்னெச்சரிக்கை: கயிறு, தினம் ஒரு போன். அனுப்புகிறவர் இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கவி சிரித்துக்கொண்டே தன் கையெழுத்தைப் போட்டாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தாள் மாடிப்படி ஓரத்து ஆணிக்குப் போயிற்று. இடையில் இரண்டு முறை லீவில் வந்தாள். "லீவுல வந்தா வேல முடிஞ்சதா அர்த்தமா?" என்று அவர் மூட மறுத்துவிட்டார். சாப்பிட மட்டும் உட்கார்ந்தார். இரண்டு வருடம் பசியோடு இருக்க அக்கா விடவில்லை.

போன வருடம் வேறு வேலை கிடைத்து நான் சிதம்பரத்துக்கு வீடு மாறினேன். சாமான் வண்டி கிளம்பும்போது சேஃப்டி ஓடி வந்து ஒரு தாளை நீட்டினார். வேலை: வீடு மாறுதல். ஆபத்துகள் என்ற இடத்தில் 'தனியாக இருப்பது' என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னும் சில மாதம் வேலை பாக்கியிருக்கும் கவியினுடையதற்குப் பக்கத்தில் அதே ஆணியில் என்னுடையதும் இன்னும் தொங்குகிறதாம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய் மூடிவிட்டு வரலாமா என்று யோசிப்பேன். மனம் வராமல் அப்படியே பஸ் ஏறிவிடுவேன்.